உள்கைப்பிடி இல்லாத கதவு

என் பெயர் விர்யவான் ஹாடிசுப்ரதோ, வயது 71, கிழக்கு ஜாவா சிடோவார்ஜோ நகரில் குடியிருக்கிறேன். இயந்திரங்களின் சத்தத்தை அடைக்கும் இரும்புக் கூண்டுகளை வடிவமைத்துத் தருவது என் தொழில்.

இறால் அப்பளத் தொழிற்சாலையின் ஜெனரேட்டர் சத்தம் தாங்கவில்லை என்று பின்தெருவினர் புகார் செய்ததால் அதற்கு ஒரு கூண்டு அமைத்தேன். கதவின் உள்பக்கம் கைப்பிடி வைக்கத் துளையிட்டால் அதன் வழியே சத்தம் கசியும். ஆகவே உள்கைப்பிடி வேண்டாம் என்று தீர்மானித்தது நானே. முதலாளி அப்படிக் கேட்கவில்லை.

சம்பவத்தன்று சோதனையைப் பார்க்க ஊர்த்தலைவர் சம்சுரி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். அவரைக் காக்க வைக்கக் கூசி, கூண்டுக்குள் எட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்தித் தாழிட்டேன். வெளியே சுவிட்சருகில் நின்ற ஆபரேட்டர் போனிடி, "உங்க பட்டறை ஆளு துக்கிரான் அண்ணன் உள்ள கதவிடுக்குல ரப்பர் ஒட்டிட்டு இருந்தாரே, வந்துட்டாரா பாக்?" என்று, பெரியவர்களை அழைக்கும் 'பாக்' மரியாதையோடு, மெல்லிய குரலில் கேட்டார். "வந்திருப்பான், நீ ஓட்டு" என்றேன். விருந்தாளி எதிரில் ஒரு பெரியவரை இரண்டாம் முறை கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அவரும் கேட்கவில்லை.

அதன் பிறகு இயந்திரம் ஓடியது. தலைவர் கதவில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "என் வீட்டுக்காரிக்கும் இப்படி ஒண்ணு செஞ்சு குடுங்க பாக்" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு என் கையிலிருந்த ஒலிமானியில் எண் விட்டுவிட்டு ஏறியது. கதவோரம் சத்தம் கசிகிறது என்று எண்ணித் தாழை இன்னும் இறுக்கினேன். அதன் பிறகு தேநீர் குடிக்கப் போனோம்.

சோதனை முடிந்து போனிடி கதவைத் திறந்தபோது துக்கிரான் வாசலருகே நினைவின்றிக் கிடந்தார். உடம்பு கொதித்தது. கதவின் உட்பக்கத் தகட்டில் ரத்தம் இருந்தது. மருத்துவமனையில் இப்போது கண் விழித்துவிட்டார். மனைவி பேசுவது அவருக்குக் கேட்கவில்லை.

முதல் விசாரணையில் போனிடி, "நான்தான் கதவ அடைச்சேன்" என்றார். பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ள விட்டேன். பிறகு தாழ்வாரத்தில் ஏன் என்று கேட்டதற்கு, "இந்த வயசுல நீங்க லாக்கப்புல உக்காரணுமா? உங்கள எப்படி பாக் நான் காட்டிக் குடுக்குறது?" என்றார். அவர் தோளைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். அவரைக் காவலில் வைத்தது தெரிந்த பின்னும் ஒரு வாரம் இந்தக் காவல் நிலையத்துக்கு வரவில்லை.

இதைச் சொல்லும்போது போனிடி இங்கே இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எழுதியதை வாசிக்கும்போது அவரும் கேட்டாக வேண்டும் என்று ஆய்வாளர் கூறி அவரை வரவழைத்தார். முழுவதும் எங்கள் இருவருக்கும் வாசித்துக் காட்டப்பட்டது. இதில் உள்ளது யாவும் நடந்ததே, யாரும் சொல்லிக்கொடுத்து நான் சொன்னதல்ல. வாசித்து முடிந்ததும் போனிடி எழுந்து, நான் உட்காரத் தன் நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். நான் நின்றபடியே கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) விர்யவான் ஹாடிசுப்ரதோ