மாரிசாமியண்ணனின் நெஞ்சுச் சத்தம்

வார்டு மாறும்போதெல்லாம் நான் முதலில் எண்ணுவது, அங்கிருந்து கன்டீனுக்கு எத்தனை படி என்பதைத்தான். மருத்துவ வார்டிலிருந்து நாற்பத்தொன்று. சத்திரசிகிச்சை வார்டிலிருந்து பதினாறு. அங்கிருந்த எட்டு வாரத்தில் எனக்கு இரண்டு கிலோ கூடியது. பிள்ளைகள் வார்டு கன்டீனுக்கு நேர் மேலே. வடை பொரிகிற வாசம் வந்ததும் காய்ச்சலோடு கிடக்கிற பிள்ளைகள்கூட எழுந்து உட்கார்ந்துவிடும். நல்ல நாட்கள். விசாரணைக் குழுவிலுள்ள நீங்களும் டொக்டர்கள்தான், உங்களுக்கும் இப்படி நினைவுகள் இருக்கும்.

நடந்ததை ஒன்று விடாமல் எழுது என்று சொன்னது என் பேட்ச் ஸல்மா. பண்டாரவளையில் அவள் வாப்பாவுக்குத் துணிக்கடை. எழுதுகிறேன். எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைப் பக்கம். அங்கிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். தெரிவானதும் பெரகல சந்தியில் பேனர் கட்டினார்கள். நான் ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகவில்லை, அதற்குள் 'டொக்டர் சுபாஜினி' என்று போட்டு, வேறு நல்ல படம் இல்லையென்று என் சடங்குப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். தலை நிறையப் பூவும் மிரண்ட கண்ணுமாக நான் இரண்டு வருடம் அந்தச் சந்தியில் தொங்கினேன். அதற்குக் கீழே பஸ் ஏறிப் போன ஒருத்தி பெயிலாகித் திரும்பி வந்து இறங்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

வகுப்பில் பாதிப்பேருக்கு வீட்டிலேயே ஒரு டொக்டர் இருந்தார். சாப்பாட்டு மேசையில் நோய்களைக் கேட்டு வளர்ந்தவர்கள். எங்கள் லயத்து ஒற்றை அறையில் மேசையே கிடையாது. எனக்குக் கோபம் அதிகம் என்பார்கள். அதிகம்தான்.

படிப்பு எனக்குப் பிரச்சினையாக இருக்கவில்லை. காதுதான் பிரச்சினை. நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், எனக்குக் கேட்பது பயத்தில் அடிக்கிற என் சொந்த இதயம். மற்றவர்கள் ஆகா என்று தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

அப்படியிருந்தபோதுதான் மருத்துவ வார்டில் மாரிசாமியண்ணனைப் பார்த்தேன். நமுனுகுலத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலை வேலை. நாற்பத்தெட்டு வயது. இதயத்தில் ஒரு வால்வு சுருங்கி, ரத்தம் இடுக்கு வழியே சீறிக்கொண்டு போகும் சத்தம் கழுத்துவரை கேட்டது. எனக்கே கேட்டது. நான் சிரித்துவிட்டேன்.

"என்னா தங்கச்சி, நெஞ்சுல காத வச்சிட்டு சிரிக்கிறீங்க?"

"கேக்குதுண்ணே. நல்லா கேக்குது."

"அப்ப நம்ம ரேடியோ வேல செய்யிதுன்னு சொல்லுங்க."

அதற்குப் பிறகு நான் எந்த வார்டுக்கு மாறினாலும், அவர் கிளினிக் வருகிற நாளில் போய்க் கேட்பேன். "ஸ்டேஷன் புடிக்குதா?" என்பார். அவர் மனைவி இராக்கம்மா அக்கா எனக்காகச் சோளப்பொத்தி அவித்துக்கொண்டு வருவார். கிளினிக்கில் தமிழில் பேச வேறு ஆள் இல்லாததால், டொக்டர் சிங்களத்தில் சொல்வதை அவர்களுக்கும் அவர்கள் சொல்வதை டொக்டருக்கும் நான்தான் மாற்றிச் சொல்வேன். சம்பளமில்லாத வேலை. சந்தோஷமாகத்தான் செய்தேன்.

பிறகு அவருக்கு மயக்கம் வரத் தொடங்கியது. மயக்கம் வந்தால் வால்வை மாற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் இதயம் திடீரென்று நின்றுபோகலாம். பாடப்புத்தகத்தில் இது தடித்த எழுத்தில் இருக்கிறது. தடித்த எழுத்து எல்லாவற்றையும் நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஒப்பரேஷனுக்காகக் கொழும்புக்கு எழுதிப் போட்டார்கள்.

எங்கள் இறுதிப் பரீட்சையில் நாங்கள் பார்த்து நோயைச் சொல்வதற்கு, நல்ல சத்தமும் நல்ல வீக்கமும் உள்ளவர்களைக் கிளினிக்கிலிருந்து வரவழைப்பது வழக்கம். சிஸ்டரின் கொப்பியில் அந்தப் பட்டியல் இருக்கும். மாரிசாமியண்ணன் பெயர் முதலாவது. பரீட்சை மார்ச்சில். வால்வை மாற்றிவிட்டால் அந்தச் சத்தம் போய்விடும்.

பெப்ரவரி முதல் வாரம் எங்களுக்குத் தோட்டப் பயிற்சி. குடும்பநல மாதுவோடு லயம் லயமாகப் போய்ப் பிள்ளைகளை நிறுக்கிற வேலை. நமுனுகுலவில் இராக்கம்மா அக்கா வீட்டு வாசலில் தராசை மாட்டியபோது, அவர் கையில் கடிதத்தோடு வந்தார். கொழும்பிலிருந்து, ஒப்பரேஷனுக்குத் திகதி குறித்து, முழுக்கச் சிங்களத்தில். தமிழில் ஒரு வரி போட்டிருந்தால் நான் எதுவும் செய்திருக்க முடியாது. அதையும் நீங்கள் யோசிக்க வேண்டும்.

"தோட்டத்து மருந்துக்காரய்யாகிட்ட காட்டலாம்னு இருந்தோம். நீங்கதான் வந்துட்டீங்களே," என்றார்.

மாரிசாமியண்ணன் எட்டிப் பார்த்தார். "இருவத்தஞ்சுன்னு இருக்கு. அது எனக்கே தெரியிது. என்னா மாசம்?"

மாதம் மட்டும் எழுத்தில் இருந்தது. பெப்ரவரி.

"ஏப்ரல்," என்றேன்.

இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப வருசப் பொறப்ப வீட்டுலயே கொண்டாடிட்டுப் போவலாம்," என்றார் அக்கா. எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது. தேத்தண்ணீர் குடித்தோம். அன்று நிறுத்த பிள்ளைகளில் ஒன்றுக்கும் எடை குறைவில்லை.

பரீட்சைக்கு அவர் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். ஒப்பரேஷன் எப்போது என்று சிஸ்டர் கேட்டதற்கு, ஏப்ரல் என்று அவரே தனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். அவருக்கு ஏழாம் கட்டில். யாருக்கு எந்தக் கட்டில் என்பதைச் சீட்டு எடுத்துத்தான் முடிவு செய்வார்கள். எனக்கு வந்தது மூன்று: ஈரல் வீங்கிய ஒரு மனிதர். ஈரல் கையால் தொட்டுப் பார்க்கிற விஷயம், காதுக்கு வேலையில்லை. பாஸாகிவிட்டேன். ஏழு ஸல்மாவுக்குப் போனது. அவளுக்கு அது தேவையே இல்லை, மூன்று வாசலுக்கு அப்பால் நின்றே சத்தத்தைப் பிடிப்பவள்.

போகும்போது மாரிசாமியண்ணன் மனத்தாங்கலோடு சொன்னார்: "நம்ம ரேடியோவ வேற புள்ளைக்கி குடுத்துட்டாங்களே தங்கச்சி."

"பரவால்லண்ணே, நான் பாஸ்," என்றேன். அவருக்கு அப்படியொரு சிரிப்பு.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: பாஸான அன்றே உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று. யோசித்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். வருசப் பொறப்பு நேரத்தில் ஒரு வீட்டின் சந்தோஷத்தைக் கெடுப்பானேன்.

ஏப்ரல் இருபத்தைந்து அவர்கள் கொழும்பு போனார்கள். அங்கே, 'உங்கள் கட்டில் பெப்ரவரியில், நீங்கள் வரவில்லை, இனிச் செப்டெம்பர்' என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் பேசியது இவர்களுக்குப் பாதிதான் விளங்கியது. ஏதோ பிந்திவிட்டது என்று மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் ஒரு காலை, தொழிற்சாலைப் படியில் ஏறும்போது அவர் விழுந்தார். அதிக நேரம் கஷ்டப்படவில்லை. இந்த நோயில் அது ஒரு நல்ல விஷயம்.

முப்பதாம் நாள் காரியத்துக்கு நான் போனேன். தன் பரீட்சை நோயாளி என்பதால் ஸல்மாவும் வந்தாள். தொழிற்சாலையிலிருந்து வரவேண்டிய சேமலாப நிதிப் பணத்துக்கு எந்தப் பத்திரம் வேண்டும் என்று தெரியாமல், அக்கா எல்லாத் தாளையும் எங்கள் முன்னால் வைத்தார். ஸல்மா அந்தக் கடிதத்தை எடுத்தாள்.

"இதுல பெப்ரவரின்னுதானே ஈக்கிது. ஏப்ரல்னு ஆரு வாசிச்சுச் சொன்னது?"

அக்கா என்னைப் பார்த்தார். ஸல்மாவும் பார்த்தாள். நான் பொய் சொல்லவில்லை. பரீட்சையை, என் காதை, பெரகல சந்திப் பேனரை, எல்லாவற்றையும் வரிசையாக, அவருக்கு விளங்குகிற தமிழில் சொன்னேன். எந்த டொக்டரும் அவரிடம் அவ்வளவு பொறுமையாக எதையும் விளக்கியிருக்க மாட்டார்.

அக்கா அழவில்லை. தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: "கேட்டுருந்தா, அந்த மனுசன் ஒங்களுக்காகத் தானாவே நின்னுருப்பாரு தங்கச்சி. ஒரு வார்த்த கேக்கலியே."

ஆக, அவர்களுக்குச் சம்மதம்தான். கேட்காமல் விட்டது ஒன்றுதான் என் பிழை, அதை ஒப்புக்கொள்கிறேன். அக்காவுக்கும் என்மேல் கோபமில்லை. நாங்கள் வாசலில் செருப்புப் போடும்போதே கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். நமுனுகுல மலைப் பக்கம் மழை இருட்டியிருந்தது, அதற்காகத்தான்.