சேகருக்காக ஒரு பூசை

காஞ்சிபுரம் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு நடுவயதுக் கணவனும் மனைவியும்.

“சேகருக்காக சர்ச்சு பூசையில வேண்டிக்கச் சொல்லி சாமியார்கிட்ட பேரு குடுத்துட்டேங்க.”

“எந்த சேகரு?”

“தொடர்கதையில வர்றாரே, அவருதான். கூட வந்தவங்களே அவர அந்தக் கிரகத்துல வுட்டுட்டு ராக்கெட்ட எடுத்துகினு போயிட்டாங்களே.”

“கதையில வர்றவனுக்கா? சாமியார்கிட்ட இன்னான்னு சொன்ன?”

“வெளியூர்ல மாட்டிகினு கீறாருன்னு சொன்னேன்.”

“அவன் நம்மள மாதிரி வேதக்காரன்கூட இல்லியே.”

“காத்தே வெஷமா கீற எடத்துல இன்னா மதத்தப் பாக்கறது?”

கணவர் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

சுங்குவார்சத்திரத்தில் பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கி ஓடியவர், பெட்டிக்கடையில் அந்தத் தொடர்கதை வரும் வாரப் பத்திரிகையை வாங்கிவந்து, பிரிக்காமலே மனைவியிடம் நீட்டினார்.

“நீயே பாத்து சொல்லு மேரி. எனக்கு பயமா கீது.”