கிண்ணத்தில் ஓடிய சாயம்

காப்பி எனக்குப் பிடிக்கும், சார். ஐஸ்கிரீமும் பிடிக்கும். தனித்தனியாக இருந்தால்.

என் மனைவி ஸ்வர்ணலதா இரண்டையும் சேர்த்தாள். ஆரணியில் புதிதாகத் திறந்த காப்பிக் கடையில் கற்றுக்கொண்டது. அஃபகாட்டோ என்று பெயர், இத்தாலிக்காரர்கள் சாப்பிடுவதாம். வெனிலா ஐஸ்கிரீம் மேல் கொதிக்கக் கொதிக்க டிக்காஷன். தினமும் மாலை ஆறு மணிக்கு.

நான் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவன். கரையின் சாயம் சேலையின் உடல் பகுதிக்குள் ஓடிவிட்டால் அந்தச் சேலையைத் தொடவே எனக்குப் பிடிக்காது. அவள் கிண்ணத்தில் தினமும் சாயம் ஓடியது. வெள்ளை சேற்று நிறமாகும். ஓரத்தில் நுரை கட்டும். அவள் அதைச் சத்தமாக உறிஞ்சுவாள். உதட்டோரத்தில் பழுப்புக் கோடு காய்ந்திருக்க, அதோடு பேசுவாள்.

“இன்னாங்க, மூஞ்சிய சுளிச்சிகினு? ஒரு வாய் வாங்கிக்கோங்க.”

ஒருநாள் ஸ்பூனை என் வாயில் திணித்துவிட்டுச் சிரித்தாள். அவள் எச்சிலோடு வெதுவெதுப்பாக இறங்கியது. மூன்று முறை பல் தேய்த்தேன். பிறகு நிறுத்தச் சொன்னேன். அமைதியாகத்தான் சொன்னேன்.

“இதுக்குப் போயா பேஜார் பண்றீங்க?” என்றாள்.

அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. சிறுவயதில் ஒருமுறை மூச்சு நின்று பிழைத்தவள். ஊரைச் சுற்றிலும் கடலைக் கொல்லை. எங்கள் வீட்டுக்குள் மட்டும் கடலை எண்ணெய்கூட நுழைந்ததில்லை. வறுத்த கடலையை வாங்கி வந்து பொடித்து, ஐஸ்கிரீம் டப்பாவில் கலந்தேன். நைசாகப் பொடித்ததாகத்தான் நினைத்தேன்.

அன்று மாலை அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார்கள். எப்போதும் சாப்பிடுவதுதான் என்றேன்.

பதினாறாம் நாள் படையலுக்கு அவளுக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்றார் மாமியார் தேவகி. டிக்காஷனை அவரே போட்டார். ஃப்ரீசரைத் திறந்து அந்த டப்பாவையும் அவரே எடுத்தார். கிண்ணத்தையே நினைத்துக்கொண்டிருந்த நான் டப்பாவை மறந்திருந்தேன். படைத்ததை வீட்டார் சாப்பிட வேண்டும். படத்துக்கு முன்னால் உருகிக் கிடந்ததில் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் வைத்தார்.

“இன்னா மாப்ள, கடல நரநரங்குது? இந்த ஊட்ல ஏது கடல?”

அவர் உதட்டோரத்திலும் பழுப்புக் கோடு. துடைத்துக்கொள்ள மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்வர்ணலதாவை நான் வெறுத்ததில்லை, சார். ஆம்புலன்ஸுக்கு உடனே போன் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்ததும், உடனே.