பிளேன் போற நேரத்து ஜெபம்

அன்பும் அமைதியும் அளவில்லாத பொறுமையும் கொண்ட தலைவர், எங்கள் போதகர் கிறிஸ்டோபர் ஐயா அவர்களே, முன்வரிசையை முழுசா பிடிச்சு வச்சிருக்கிற மூத்தவங்களே, முழங்கால் தேய ஜெபிச்சு முந்நூறு பேருக்கு பிரியாணியும் செஞ்சு முடிச்ச தாய்மார்களே, கட்கியில இருந்தும் ரஞ்சன்காவ்ல இருந்தும் வந்திருக்கிற விருந்தாளிகளே, வாசல்ல வண்டி மேல உட்கார்ந்தபடியே கேட்கிற வாலிபர்களே, எல்லாருக்கும் ஆண்டவர் இயேசுவின் இனிய நாமத்துல என் ஸ்தோத்திரம்.

எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு, தேவனோடு தனிப்பட்ட உறவு. தகுதி என்னன்னு கேட்டா, பெருசா ஒண்ணும் இல்ல. இன்ஜினியரிங் மூணாவது வருஷத்துல பாதியில விட்டவன். இப்ப பைக் மெக்கானிக். ஒரே இடத்துல அரைமணி நேரம் உட்காரத் தெரியாது. இப்படிப்பட்டவனை ஏன் மேடை ஏத்தினாங்கன்னு நம்ம சபைக்காரங்களுக்குத் தெரியும். அங்க சிரிக்கிறாங்க பாருங்க. ஜோசபின் ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்க, விருந்தாளிகளுக்குச் சொல்லிடறேன்.

நம்ம கோயில் இருக்கிறது லோஹேகாவ், ஏர்ஃபோர்ஸ் ரன்வேக்குப் பக்கத்துல. மேல தகரக் கூரை. அதுக்கும் மேல ஏர்ஃபோர்ஸ். ஃபைட்டர் ஒண்ணு கிளம்பினா பெஞ்சு ஆடும், ஜன்னல் ஆடும், வயித்துக்குள்ள இருக்கிற டீயும் ஆடும். அப்ப ஐயா என்ன செய்வார்? சொல்லிக்கிட்டிருந்த வார்த்தையில அப்படியே நிறுத்தி, ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார். நாங்க காத்திருப்போம். சத்தம் போனதும் விட்ட வார்த்தையில இருந்து மறுபடி தொடங்குவார். இது எங்க சபை வழக்கம். பாட்டுப் புஸ்தகத்துல இல்ல, ஆராதனை முறைமையில இல்ல, ஆனா பச்சப்புள்ளைக்கும் தெரியும்.

நான் காலேஜை விட்டப்ப எங்கப்பா என்கூட பேச்சை விட்டுட்டார். அப்பா ஸ்டீபன், ஏர்ஃபோர்ஸ்ல எஞ்சின் மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர், அதோ ரெண்டாவது பெஞ்சுல தரையைப் பார்த்துக்கிட்டிருக்கார். வீட்டுல எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் அம்மா வழியாத்தான் வரும். "அவனைச் சாப்பிடச் சொல்லு." அந்த அவன் எதிர்லதான் உட்கார்ந்திருப்பான். ஆனா வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மட்டும் ஸ்கூட்டர்ல பின்னாடி ஏத்திக் கூட்டிட்டு வந்துடுவார்.

இங்க வந்து அப்பா ஜெபம் பண்ணுவாரே, கேட்டிருக்கீங்களா? அது ஜெபமா, அருவியா? சர்வ வல்லமையுள்ள தேவனேன்னு ஆரம்பிச்சா, வானத்தை அளந்து, பூமியைத் தொட்டு, வியாதிக்காரன், விதவை, வேலையில்லாதவன் எல்லாரையும் கூட்டிக் கொண்டுவந்து சந்நிதியில நிறுத்துவார். நான் பக்கத்துல முழங்கால் போட்டு நினைப்பேன். கண்ணுக்குத் தெரியாத ஆளுகிட்ட இவ்வளவு பேசுறீங்க, கண்ணு முன்னாடி இருக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை கிடையாதா?

எனக்கு அந்தத் தமிழ் வராது. நான் இந்த ஊர்லயே பொறந்து வளர்ந்தவன், வாயைத் திறந்தா பாதி ஹிந்தி, மீதி மராட்டி. முயற்சி பண்ணிப் பார்த்தேன். சர்வ வல்லமையுள்ளன்னு ஆரம்பிச்சா அப்பா குரல்தான் வந்துது. அது யார் ஜெபம்? அவரோடது. அது யார் வார்த்தை? அவரோடது. அப்ப நான் எங்க?

ஒரு வெள்ளிக்கிழமை பிளேன் வந்துது. ஐயா விரலைத் தூக்கினார். அந்தச் சத்தத்துல நான் சும்மா சொன்னேன், "ஆண்டவரே, முட்டி வலிக்குது. போர் அடிக்குது. சீக்கிரம் விடச் சொல்லுங்க."

யாருக்கும் கேட்கல. எனக்கே கேட்கல. ஆனா ஒரு மாதிரி லேசா இருந்துது.

அதுக்கப்புறம் நான் கோயிலுக்கு வந்தது பிரசங்கத்துக்கு இல்லங்க, பிளேனுக்கு. பிளேன் வந்தா பேசுவேன். கிளட்ச் வயர் அறுந்ததைச் சொன்னேன். கஸ்டமர் திட்டினதைச் சொன்னேன். படிப்பை விட்டது சரியா தப்பான்னு கேட்டேன். கோபப்பட்டேன், கேலி பண்ணினேன், சண்டை போட்டேன். வாரம் பூரா என்ன சொல்லலாம்னு சேர்த்து வச்சுக்கிட்டு வருவேன்.

அப்புறம் மாட்டினேன். அன்னிக்கு விமானம் சட்டுனு திரும்பிடுச்சு. சத்தம் பொசுக்குனு நின்னுடுச்சு. என் வாய் நிக்கல.

"எங்கப்பாவுக்கு நான் வேண்டாம்னா அதை நேரா சொல்லச் சொல்லுங்க."

கோயில் முழுக்க என் குரல் தனியா நின்னுது. ஐயா விரல் மேலயே இருக்கு. எல்லாத் தலையும் திரும்பியிருக்கு. ஜோசபின் ஆன்ட்டி பக்கத்துல இருந்தவங்ககிட்ட, "அரே, இவனுக்குத் தமிழ் வருமா"ன்னு கேட்டாங்க. ஆமா, நீங்கதான் கேட்டீங்க. ஐயா என்ன செஞ்சார் தெரியுமா? விரலை இறக்கி, "ஆமென்"னார். விட்ட வார்த்தையில இருந்து தொடங்கினார்.

வீட்டுக்குப் போற வழியில அப்பா ஸ்கூட்டர் ஓட்டுறார், நான் பின்னாடி. விஷ்ராந்த்வாடி சிக்னல்ல நின்னோம். திரும்பாமலே கேட்டார்.

"ஏல, பிளேன் போகும்போ நான் என்ன சொல்லுதேன்னு தெரியுமா?"

"நீங்களுமா?"

"மத்த நேரம் ஊருக்கு ஜெபிக்கேன். அந்தச் சத்தத்துலதாம்ல உன் பேரைச் சொல்லுதேன். சும்மா சொன்னா குரலு காட்டிக் குடுத்துரும்."

அவர் காதுகிட்ட குனிஞ்சேன். "ஒருநாள்கூட நீங்க மாட்டலியே"ன்னேன்.

"இருவது வருஷம் எஞ்சினோட கிடந்தவன்ல நான். எப்ப அடங்கும்னு எனக்குத் தெரியாதா? நீதான் படிக்காம வந்துட்ட."

ரொம்ப நாளைக்கு அப்புறம் என்னைத் திட்டினார். அவ்வளவு சந்தோஷமா இருந்துது. பச்சை விழுந்து பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கிறாங்க, நாங்க நகரல. அப்புறம் ஓரமா நிறுத்தி வடாபாவ் வாங்கிக் கொடுத்தார். மிளகாயை அவர் எடுத்துக்கிட்டார்.

அன்பானவங்களே, உறவுன்னா என்ன? அழகாப் பேசுறதா? அடுக்கிப் பேசுறதா? அடுத்தவன் கேட்டு ஆஹான்னு சொல்லப் பேசுறதா? அதெல்லாம் மேடைக்கு. நான் இப்ப பண்றேனே, இந்த மாதிரி. உறவுன்னா முட்டி வலிக்குதுன்னு சொல்றது. கோபம்னா கோபம்னு சொல்றது. சொல்லிட்டு எழுந்து போயிடாம, நாளைக்கும் வந்து உட்கார்றது.

ஆண்டவர் பதில் சொல்றாரான்னு கடையில பசங்க கேட்பாங்க. ஒளிக்காம சொல்றேன், என் காதுல ஒரு வார்த்தையும் விழுந்ததில்ல. ஆனா காலி ரூம்ல பேசுறதுக்கும், ஆள் இருக்கிற ரூம்ல பேசுறதுக்கும் வித்தியாசம் நமக்குத் தெரியும்ல? நான் பேசுறது ஆள் இருக்கிற ரூம்ல. இப்ப எனக்கு பிளேன் வேண்டாம். ஸ்பானர் பிடிச்சுக்கிட்டே பேசுறேன், சிக்னல்ல நின்னுக்கிட்டே பேசுறேன், பாதி மராட்டியில பேசுறேன். அவர் ஒருநாளும், முதல்ல தமிழைத் திருத்திட்டு வான்னு சொல்லல.

வாய்ப்புக் கொடுத்த ஐயாவுக்கும், இவ்வளவு நேரம் பிரியாணி வாசனையைத் தாங்கிக்கிட்ட உங்களுக்கும் நன்றி. இன்னும் ஒரே ஒரு…

கேட்குதா? வருது. ஐயா, இன்னிக்கு விரலை நான் தூக்கிக்கிறேன். விருந்தாளிகளே, வெட்கப்படாதீங்க, பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேட்காது. ஊருக்காக இல்ல, உங்களுக்காக. பேசுங்க.

…

…

அப்பா.

அப்பா, பிளேன் எப்பவோ போயிடுச்சு. "எம்மவன் நல்லாப் பேசுதாம்லா"ன்னு நீங்க ஆண்டவர்கிட்ட சொன்னது வாசல்ல வண்டி மேல உட்கார்ந்திருக்கிறவங்க வரைக்கும் கேட்டுடுச்சு. இருவது வருஷம் எஞ்சினோட கிடந்தவர் இன்னிக்கு மாட்டிக்கிட்டார்.

பரவாயில்ல, மெதுவா முடிச்சுட்டு வாங்க. நான் இங்கதான் நிக்கிறேன்.

ஆமென். எல்லாருக்கும் ஸ்தோத்திரம். சாப்பிடப் போகலாம்.