உவர்மலை இறக்கமும் தள்ளு பிரேக்கும்

உவர்மலையில் குடியிருப்பவர்களுக்கு முழங்கால் சீக்கிரம் தேய்ந்துவிடும், இன்ஸ்பெக்டர் ஐயா. எங்கள் வாசலில் இருந்து துறைமுகத் தெருவரை ஒரே இறக்கம். நீங்களும் மூச்சு வாங்கித்தான் ஏறி வந்தீர்கள். இந்தக் கதிரையில் இருங்கள், விசிறியைப் போடுகிறேன்.

ஜீப் இழுத்துப்போன கரவன் வண்டியின் பிரேக் பழுது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருந்தால் அது பிழை. நானும் தம்பி அஞ்சலோவும் சேர்ந்து சரிபார்த்த பிரேக் அது. கனடாவில் இருந்து திரும்பி நீர்கொழும்பில் வீடு கட்டியவன், படுக்கையும் குசினியும் வைத்த அந்தக் கரவனை ஜீப்பின் பின்னால் கொளுவிக்கொண்டு, அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளக் கூட்டிப்போக வந்தான். வந்து சேர்ந்தபோது பிரேக் பிடிக்கப் பிடிக்க வண்டி உதறியது. கொளுக்கித் தண்டு உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. நான் துருவைத் தேய்த்தெடுத்து கிறீஸ் பூசினேன். அவன் பிரேக் எண்ணெய் விட்டான்.

"அக்கா, நீங்கள் கராஜ் ஒண்டு போடலாம்," என்றான்.

அந்தப் பிரேக்குக்கு மிதிக்கட்டை கிடையாது. ஜீப் வேகம் குறைந்தால் கரவன் பின்னால் இருந்து தள்ளும். அந்தத் தள்ளலில் தண்டு உள்ளே போய் எண்ணெயை அமுக்க, கரவனின் சில்லுகள் தாமாகப் பிடிக்கும். பின்னுக்கு எடுக்கும்போதும் அதே தள்ளல்தானே? சில்லுகள் பிடித்துக்கொண்டு அசையாது. அதற்காக ஓர் இரும்புப் பின்னைச் செருகித் தண்டை நிறுத்திவைப்பார்கள். முன்னுக்குப் போகுமுன் அதைக் கழற்ற வேண்டும். கழற்றாவிட்டால் கரவனுக்குப் பிரேக் இல்லை. அதன் பாரம் முழுக்க ஜீப்பின் முதுகில்தான். அஞ்சலோ பொறுமையாக விளங்கப்படுத்தினான்.

அம்மா நீர்கொழும்பில் இருக்கமாட்டார். அவருக்கு மீனில் முள் எடுத்துக் கொடுக்க வேண்டும். கலியாணம் கட்டாமல் இவ்வளவு காலமும் நான் செய்தது அதைத்தான். போகமாட்டேன் என்று அம்மா வாயைத் திறந்து சொல்லவில்லை. மகனின் மனம் நோகும் அல்லவா? தன் பையைத் தானே அடுக்கினார். புதுச் செருப்பு வாங்குவித்தார்.

"ஏன்டி கிறேஸ், மூஞ்சையை நீட்டுறாய்? நானென்ன கலியாணங்கட்டியே போறன்?" என்று சிரித்தார்.

பெரியவர்கள் தங்கள் கவலையை அப்படித்தான் மறைப்பார்கள்.

புறப்பட்ட அன்று பாதர் வந்து தீர்த்தம் தெளித்தார். முன்னுக்கு இருந்தால் கடல் தெரியும் என்று அம்மாவை நான்தான் முன்னாசனத்தில் இருத்தினேன். எங்கள் வாசல் ஒடுக்கம். கரவனைப் பின்னுக்கு எடுத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது. பின்னைச் செருகியது நான். நேராக்கியபின் அஞ்சலோ ஜீப்பில் இருந்தபடியே கேட்டான்:

"அக்கா, பின்னைக் கழட்டிப்போட்டியளோ?"

"ஓம்."

அந்த ஒரு சொல்தான். கையால் நான் ஒன்றும் செய்யவில்லை. பிறகாவது கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பயணம் வெளிக்கிட்டவர்களைப் பின்னால் நின்று கூப்பிடக்கூடாது, ஐயா. அம்மாவே எங்களுக்குப் பழக்கியது.

வளைவில் ஜீப் வேகத்தைக் குறைத்தது. கரவன் குறைக்கவில்லை. அம்மா இருந்த பக்கம் மதிலில் மோதியது. அஞ்சலோவுக்குக் கால் முறிந்தது. ஆசுப்பத்திரியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"பின்னைக் கழட்ட மறந்தது நான்தான் எண்டு பொலிஸில சொல்லிப்போட்டன். நீங்கள் தெரியாமச் செய்ததுக்கு உங்களை இழுக்கேலாது, அக்கா."

தெரியாமலாம். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தண்டும் எண்ணெயும் பின்னும் அவனைவிட எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். அதைச் சொல்லத்தான் உங்களை வரச்சொன்னேன்.

அம்மா இப்போது இங்கே, எங்கள் கோயில் சேமக்காலைக் கல்லறையில் இருக்கிறார். பின்னேரங்களில் போய்ப் பார்க்கிறேன். இடம் அவருக்குப் பிடித்திருக்கிறது.

ஜீப் நகர்ந்தபோது அம்மா கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி ஆட்டினார். போய்வருகிறேன் என்று காட்டியதாக அஞ்சலோ சொல்கிறான். தெருவைப் பார்த்து ஓட்டியவனுக்கு என்ன தெரியும்? தன்னை இறக்கிவிடச் சொல்லித்தான் அம்மா எனக்குக் கை காட்டினார்.