பாலத்தில் பேருந்து நிற்கும் நேரம்

மாலை ஏழு நாற்பதுக்கு ஜொகூர் பாலத்தில் பேருந்துகள் நகராது. சிங்கப்பூரில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பேசித் திரையைத் தள்ளிக்கொண்டு நிற்பார்கள். இறங்கி நடக்கத் தெம்பு இருக்காது. அந்த நேரத்தில் எதைக் காட்டினாலும் பார்ப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வாரம் ஆனது, சிவகணேசன் சார்.

நீங்கள் கேட்ட அனுபவ அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதிப் போன வாரமே கொடுத்துவிட்டேன். சமூக ஊடக விளம்பரத்தில் என்ன கற்றேன், கல்லூரி வாழ்க்கை என்னை எப்படி மாற்றியது, அடுத்த முறை எதை வேறு மாதிரிச் செய்வேன். மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் சரியான பதில் எழுதவில்லை. உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். அதனால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் ஆளுக்கு ஒரு பக்கம் தொடங்கச் சொன்னீர்கள். பதினான்கு வாரத்துக்குள் ஒரு பதிவாவது ஐம்பதாயிரம் பேரைத் தொட வேண்டும். தொட்டால் ஏ கிரேடு. வகுப்பில் முதலாவதாக வருகிறவருக்குச் சிங்கப்பூரில் ஆறு மாதப் பயிற்சி. நான் என் பக்கத்துக்கு 'ஜொகூர்க்காரங்க' என்று பெயர் வைத்தேன். கோயில் திருவிழா போட்டேன். நாசி லெமாக் சோற்றுக் கடைகள் போட்டேன். பதின்மூன்றாம் வாரம்வரை அதிகம் பேர் பார்த்தது பெர்மாஸ் ஜெயாவில் தொலைந்த ஒரு பூனையை. இருபத்திரண்டாயிரம் பேர். அந்தப் படத்தில் பூனை நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதையும் குறித்து வைத்துக்கொண்டேன்.

"தப்பான நேரத்துல போட்டா, போடாததுக்குச் சமம்" என்று நீங்கள் அடிக்கடி சொல்வீர்கள். அதை மஞ்சள் தாளில் எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தேன். இப்போதும் இருக்கிறது.

வாசுகி என் அறைத்தோழி. பெர்மாஸ் ஜெயாவில் ஒரே அறையில் இரண்டு வருடமாக இருக்கிறோம். அவள் படிப்பது பாலர் கல்வி. என் பாடத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, கேலி செய்ய மட்டும் தெரியும். ஒருமுறை அவளுடைய மீ நூடுல்ஸ் கிண்ணத்தைப் பக்கத்துக்காகப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"படம் புடிச்சது போதும் லா. மீ ஊறிப் போச்சு."

"இரு, வெளிச்சம் நல்லா இருக்கு."

"அப்படியே அதுக்கு லிப்ஸ்டிக்கும் போட்டு விடு."

அவளுக்கு அப்பா மட்டும்தான். லெட்சுமணன் அங்கிள். கோத்தா திங்கியில் ஆற்றை ஒட்டிய தாழ்வான சந்தில் கடைசி வீடு. செம்பனை லாரி ஓட்டியவர். இனிப்பு நீர் நோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். நான் எது போட்டாலும் முதல் கட்டைவிரல் அவருடையதாக இருக்கும். ஒருமுறை வாசுகியின் போனைப் பிடுங்கி என்னோடு பேசினார்.

"என்னையும் ஒரு நாளு அதுல போடும்மா. கண்ட பூனையெல்லாம் போடுற. என் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்?"

நான் அவருடைய ஆசையை நிறைவேற்றினேன் என்றும் சொல்லலாம்.

பதின்மூன்றாம் வாரம், புதன்கிழமை. அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வாசுகி ஊருக்குப் போயிருந்தாள். மூன்று நாளாக மழை. அன்று காலை சந்தில் இருந்தவர்கள் லாரியில் ஏறி, பள்ளிக்கூடத்தில் திறந்திருந்த நிவாரண மையத்துக்குப் போனார்கள். அங்கிளை ஏற்ற ஆள் போதவில்லை. லாரி திரும்பி வரும் என்றார்கள். அதற்குள் சாலை முழுகிவிட்டது.

பிற்பகல் மூன்று பன்னிரண்டுக்கு அவளிடமிருந்து ஒரு படமும், வீடு இருக்கும் இடமும், ஒரு குரல் பதிவும் வந்தன.

"ஷர்மி, ரோடு போச்சு. லாரி வரல. அப்பாவ என்னால தூக்க முடியல. தீயணைப்புக்குப் போன் பண்ணிட்டேன், படகெல்லாம் வெளிய போயிருக்காம், வரிசையா வருவாங்களாம். உன் பேஜ்ல போடு. யாராச்சும் படகு வச்சிருப்பாங்க. இப்பவே போடு, என்ன."

படத்தைப் பார்த்தேன். கூடத்தில் கணுக்கால் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அங்கிளின் முதுகு. பரபரப்பாக ஓடுகிற விரலை நிறுத்தும்படி அதில் எதுவும் இல்லை.

மூன்று மணிக்குப் போட்டால் என் பக்கத்தை முந்நூறு பேர் பார்ப்பார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கவனிக்கப்படாத பதிவு பிறகு எழுந்திருக்காது. ஏழு நாற்பதுக்குப் போட்டால் அதைப்போல் அறுபது மடங்கு. நிறையப் பேர் பார்த்தால் நிறைய உதவி கிடைக்கும். நான் அப்படித்தான் யோசித்தேன். கெட்ட எண்ணத்தோடு யோசிக்கவில்லை. ஒரு படகு கிடைக்க எத்தனை பேர் பார்க்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

அவளுக்கு எழுதினேன். "போட்டாச்சு. இன்னொரு படம் அனுப்பு. தண்ணி நல்லா தெரியணும். அப்பா மொகமும் தெரியணும், கேமராவப் பாக்கச் சொல்லு."

"எதுக்கு?"

"அப்பத்தான் ஷேர் பண்ணுவாங்க."

அதற்குப் பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. நான் நூலகத்தில் இருந்தேன். வாசகத்தை நான்கு முறை மாற்றி எழுதினேன். 'மகளின் கண்ணீர்' என்று தொடங்கியதை அடித்துவிட்டு 'ஒரு கால் இல்லாத அப்பா' என்று தொடங்கினேன். அது மேலாக இருந்தது.

ஐந்து இருபத்தாறுக்கு இரண்டாவது படம் வந்தது. நாற்காலியைக் காணவில்லை. அங்கிள் சாப்பாட்டு மேசைமேல் உட்கார்ந்திருந்தார். இருந்த ஒரு கால் தண்ணீருக்குள் தொங்கியது. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா போட்டோன்னதும் சிரிச்சுட்டாரு லா. வேற எடுக்கவா? பேட்டரி நாலு பர்சென்ட்தான் இருக்கு."

"சிரிக்காம ஒண்ணு" என்று எழுதினேன்.

மூன்றாவது படம் ஐந்து நாற்பத்தொன்றுக்கு வந்தது. அது நல்ல படம். அதற்குப் பிறகு அவள் போன் அணைந்துவிட்டது.

அப்போதாவது போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுக் கடைசியில் வீணடிப்பானேன் என்றும் தோன்றியது. ஓரங்களை வெட்டிச் சரிசெய்து, ஏழு நாற்பது என்று நேரம் குறித்து வைத்துவிட்டுக் கேன்டீனுக்குப் போனேன். மீ கோரேங் வாங்கினேன். படம் எடுக்காமல் சூடாகச் சாப்பிட்டேன்.

ஏழு நாற்பதுக்குப் பதிவு தானாகப் போனது. ஏழு நாற்பத்து மூன்றுக்குக் காளிதாஸ் என்பவர் கீழே எழுதினார். "வூட்டு லொகேஷன அனுப்புங்க. போட் என்கிட்ட இருக்கு." உடனே அனுப்பினேன்.

அவர் கோத்தா திங்கியில் படகு மோட்டார் பழுது பார்க்கிறவர். பாலத்தில் நிற்கிறவர் இல்லை. திருவிழாப் படங்களுக்காக என் பக்கத்தில் சேர்ந்து, நான் எது போட்டாலும் தன் போனில் மணி அடிக்கும்படி வைத்திருந்தார். அன்று காலையிலிருந்து வீட்டில்தான் இருந்தார். எத்தனை மணிக்குப் போட்டிருந்தாலும் அவருக்கு மணி அடித்திருக்கும்.

அவர் எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தார். வாசுகி ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் மறு கையால் அங்கிளின் சட்டையையும் பிடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். சட்டைக்குள் அவர் இருந்தார். ஏழு மணி சுமாருக்கு மேசை சாய்ந்தது என்று அவள் பிறகு சொன்னாள்.

மறுநாள் அவர் இறந்த செய்தியையும் ஏழு நாற்பதுக்குத்தான் போட்டேன்.

இரண்டு பதிவும் சேர்ந்து ஆறு லட்சம் பேரைத் தொட்டன. நீங்கள் வகுப்பில் திரையில் காட்டினீர்கள். "நேரம், மொகம், வாசகம், மூணும் எப்படி அமைஞ்சிருக்கு பாருங்க" என்றீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவள் என் தோளைத் தடவினாள்.

பயிற்சிக்காக அடுத்த மாதம் முதல் நானும் பாலத்தில் நிற்பேன்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில் இது. மூன்று பன்னிரண்டுக்கு வந்ததை மூன்று பதினைந்துக்குப் போட்டிருந்தால் லெட்சுமணன் அங்கிள் உயிரோடு இருந்திருப்பார். நான் போடவில்லை. போட்டேன் என்று அவளிடம் பொய் சொன்னேன். அவர்களைக் காத்திருக்க வைத்தேன், தண்ணீர் ஏறட்டும் என்று. இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று பதினைந்துக்குப் போட்டிருந்தால் அவரை இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாசுகிக்கு எதுவும் தெரியாது. அவள் போன் வெள்ளத்தோடு போய்விட்டது. நாங்கள் எழுதிக்கொண்டவையும் அதோடு போயின. அந்தப் பதிவைத் திறந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்றுக் காலை அறைக்குத் திரும்பினாள். அப்பாவின் சட்டை ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"காரியத்துக்குக் காளிதாஸ் அண்ணன் வந்திருந்தாரு. அன்னிக்குப் பூரா வீட்லதான் இருந்தாராம். நீ மூணு மணிக்கே போட்டுட்ட. அவருக்கு ஏன் ஏழே முக்காலுக்குக் காட்டுச்சு?"

"நாம போடுற நேரத்துக்கு அது காட்டாது" என்றேன். "படம் நல்லா இருந்தாத்தான் சீக்கிரம் காட்டும்."

அவள் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டாள்.

"அப்போ மொதப் படத்தையே நான் ஒழுங்கா எடுத்திருந்தா, அப்பா இருந்திருப்பாரு, இல்ல ஷர்மி?"