பொற்றாசியம் போத்தலில் ஒரு சிட்டிகை

— மறுகா? இலிதிய உப்ப நெருப்பில காட்டப் புள்ளயள் என்ன செஞ்சாங்க?

— சுவாலை சிவப்பா எழும்பினதும் கை தட்டினாங்க. சோடியத்துக்கு மஞ்சள், அதுக்கும் தட்டினாங்க. நீங்க முதல்ல தண்ணியக் குடிங்க. கல்குடா வெயில்ல மோட்டர் சைக்கிள் ஓடி முகமே கறுத்துப் போச்சு.

— நெருப்பக் காட்டினா ஆர்தான் தட்டமாட்டான். ஆவர்த்தன அட்டவணையில ஒரு கூட்டத்தில கீழ போகப் போக அணு பெருக்கும், வெளியில இரிக்கிற ஒத்த இலத்திரன் கருவ விட்டுத் தூரமாகும், லேசாக் கழண்டு போகும், அதாலதான் சோடியத்த விடப் பொற்றாசியத்துக்குத் தாக்கம் கூட. இத நான் பலகையில எழுதினாக் கொட்டாவி விடுறானுகள். பிரஷாந்தி டீச்சர் நீ கம்பியில உப்பத் தொட்டுக் காட்டினா விசிலடிக்கிறானுகள்.

— நீங்க எழுதிப் போடுறதத்தானே நான் காட்டுற.

— வீடு உன்ட, கொம்மா சீதனமாத் தந்தது. வகுப்புக் கொட்டிலும் அந்த வளவுக்குள்ளதான். வாசல் பலகையில உன்ட போன் நம்பர். உன்ட புருசன் சிவதர்ஷன்ட எண்டு இதுக்குள்ள என்னகா இரிக்கி?

— கலியாணம் முடிச்சா மாப்பிள்ள பொம்புள வீட்டுக்குத்தான் வாற. நாவற்குடாவில எந்த வீட்டுல அப்பிடி இல்ல? ஆராவது உங்களக் குறைவாச் சொன்னாங்களா?

— 'டீச்சர்ர புருசன்' எண்டு கூப்பிடுறது காணாதா? எனக்குப் பொறாமைதான், ஒளிச்சு என்ன. ஏறாவூர்ல பெரிய வகுப்பு நடத்துற பாஹிம் சேர் படிப்பிக்க ஆள் எடுக்கப் போறாராம். நீ போன்ல 'கட்டாயம் வாங்க சேர்' எண்டதக் கேட்டனான். வந்தவரா?

— வந்தவர். கடைசி வாங்கில இரிந்து முழுக்கப் பார்த்தவர்.

— பொற்றாசியமும் செஞ்சியா?

— செஞ்சன்.

— அதுவும் மஞ்சளாத்தான் எரிஞ்சிரிக்கும்.

— நான் இன்னும் நிறம் சொல்லல்லயே. இஞ்ச, என்னப் பாருங்க. ஊதா வரும் எண்டு சொல்லிப்போட்டுக் காட்டினன், மஞ்சள். கம்பியக் கழுவித் திரும்பவும் காட்டினன், மஞ்சள். புள்ளயள் சிரிச்சிட்டாங்க. நீலக் கண்ணாடிக்குள்ளால பார்த்தா மஞ்சள் மறைஞ்சு ஊதா தெரியும் எண்டு தேடினன். கண்ணாடியும் இல்ல.

— அலுமாரிக்கு மேல கிடக்கு.

— போத்தலுக்குள்ள என்ன போட்டீங்க?

— குசினி உப்பு. ஒரு சிட்டிகைதான்.

— அந்தச் சிட்டிகைச் சோடியம் போதும், ஊதாவ முழுசா மூடிப்போடும். உங்களுக்கு ஆர் சொல்லித் தரணும்.

— உன்ன ஏறாவூருக்குக் கூட்டிக்கொண்டு போயிருவாங்க எண்டு நினைச்சுத்தான் போட்டன். அதப் பார்த்துக்கொண்டு நிக்க ஏலாது. தலையிடி எண்டு பொய்யச் சொல்லி என்ட வகுப்ப உன்ட தலையில கட்டிப்போட்டுக் கல்குடாப் பக்கம் போன.

— போகவேணாம் எண்டு காலையில எவ்வளவு கெஞ்சினன்.

— உன்ட கெட்டித்தனத்த நானும் இரிந்து பார்க்கணும் எண்டுதானே கெஞ்சின?

— அந்த மனிசன் பார்க்க வந்தது உங்கட வகுப்ப. உங்கட நோட்ஸ் ஏறாவூர்ப் புள்ளயள்ர கையில கிடந்ததாம், படிச்சுப்போட்டுத்தான் போன் எடுத்தவர். வழக்கமா எப்பிடிப் படிப்பிக்கிறார் எண்டு பார்க்கணும், சேருக்குச் சொல்லவேணாம் எண்டவர். பலகையில என்ட நம்பர் மட்டும் இரிக்கிறதால எனக்கு எடுத்தவர். நீங்க போனதும், வந்த மனிசன் வெறுங்கையோட திரும்பக்கூடாது எண்டு நான் நிண்டு படிப்பிச்சன்.

— அவருக்கு இப்பவே போன் எடு. நான் கதைக்கிறன். நாளைக்கே வரச் சொல்லு.

— அவர் போக முதல் அந்தப் போத்தலக் கையில எடுத்துப் பார்த்தவர். இந்த உப்ப ஆயத்தப்படுத்தினது ஆர் எண்டு கேட்டவர். எல்லாம் எங்கட சேர்தான், வேற ஆரையும் தொடவிடமாட்டார் எண்டு நான்தான் பெருமையாச் சொன்னன்.